மகள் பரியிலிருந்து மிட்லண்டுக்கு வேலைக்குப் போறா – ஏரிப் பக்கத்து ஸ்னோவில் கார் ஓடுறது பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்க

களுவாஞ்சிக்குடி ரீச்சர்:

வணக்கம். நான் களுவாஞ்சிக்குடி, படிப்பித்து ஓய்வு பெற்றவள். என்ட மகள் கலியாணம் முடித்து இப்ப கனடாவில் பரி என்ற ஊரில் இருக்கிறா. ரொறன்ரோவிலிருந்து 400ஆம் இலக்க நெடுஞ்சாலையில் வடக்கே 100 கிலோமீற்றர் அளவு. வேலை கிடைத்தது மிட்லண்டில், வயதானவர்களைப் பார்க்கிற இல்லம் ஒன்றில். அது பரியிலிருந்து இன்னும் ஒரு 50 கிலோமீற்றர் வடக்கே. காலையில் ஏழு மணிக்கு அங்கே நிற்க வேணும் என்றால் இருட்டோடு வெளிக்கிட வேணும். அந்த நேரம் இங்கே பின்னேரம் நாலே கால், நாலரை. நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு விறாந்தையில் இருப்பேன்.

போன கிழமை ஒரு நாள் நட்சத்திரம் தெரிய வெளிக்கிட்டிருக்கிறா. றோட்டும் காய்ந்து கிடந்ததாம். பாதி வழி தாண்டினதும் திடீரென்று எல்லாம் வெள்ளை. முன்னால் போன லொறியின் சிவப்பு லைற்றை மட்டும் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்து, கார் நிறுத்துற இடத்தில் நின்று எனக்கு அழுதுகொண்டு கதைத்தா. பின்னேரம் திரும்பி வரும்போது அதே இடத்தில் வெயில் எறித்ததாம். மருமகன் அங்கே கனகாலம் இருந்தவர். "இது இங்கே வழக்கம் மாமி, பயப்படாதீங்க" என்கிறார். நான் போனில் வானிலை பார்த்தால் "பரி, ஓரளவு முகில்" என்று மட்டும்தான் காட்டுது.

ஒரே றோட்டில் இங்கே வெயில், அங்கே கண் தெரியாத ஸ்னோ என்றால் எப்படி? போக வேண்டாம் என்று நான் எந்த நாளைப் பார்த்துச் சொல்றது? பழைய கார், ரயரும் பழசு என்று நினைக்கிறேன். நான் ஸ்னோவைக் கண்ணால் கண்டதே இல்லை, அதனால்தான் கேட்கிறேன். ஓடிப் பழகினவங்க யாராவது இருந்தால் தயவு செய்து விபரமாக எழுதுங்க.

கல்லடி புவியியல்:

ரீச்சர், இதுக்குக் காரணம் அந்தப் பக்கத்து ஏரிதான். வரைபடத்தில் பார்த்தால் மிட்லண்ட், ஜோர்ஜியன் குடாவின் கரையிலேயே இருக்கு. அந்தக் குடா ஹூரோன் ஏரியின் கிழக்குப் பக்கத்துக் கை.

நம்ம மாரி மழையை நினைத்துப் பாருங்க. பெருநிலப் பக்கமிருந்து வரண்டு புறப்படுகிற வாடைக்காற்று, வங்காள விரிகுடாவின் சூடான தண்ணிக்கு மேலால் வரும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து நம்ம கரையில் கொட்டுது. ஏறாவூரில் கொட்டக் கொட்ட, கல்லடியில் துளி இல்லாமல் இருக்கும். அங்கேயும் அந்த வேலைதான் நடக்குது, ஆனால் மழைக்குப் பதில் பனி. கோடையில் சூடேறின ஏரி நவம்பர், டிசம்பரில் லேசில் ஆறாது. அதுக்கு மேலால் வடதுருவப் பக்கத்துக் குளிர்காற்று வரும். தண்ணியின் மேற்பரப்புக்கும் சுமார் 1.5 கிலோமீற்றர் உயரத்தில் இருக்கிற காற்றுக்கும் 13 பாகை செல்சியசுக்குக் குறையாத வித்தியாசம் இருந்தால், கீழ்க் காற்று சூடாகி ஈரத்தோடு வேகமாக மேலெழும்பி முகிலாகிக் கரை ஏறினதும் பனியைக் கொட்டும்.

முகில் பரவலாக வராது, காற்று வீசுகிற திசையில் நீட்டுக்குக் கயிறு போல வரும். அகலம் சில கிலோமீற்றரிலிருந்து சில பத்துக் கிலோமீற்றர் வரைதான். அந்தக் கயிறு எங்கே கரை தொடுதோ அங்கே மட்டும்தான் கொட்டும். காற்று கொஞ்சம் திரும்பினால் கயிறும் அடுத்த ஊருக்குத் திரும்பிவிடும். காற்று ஏரியின் மேல் எவ்வளவு தூரம் ஓடி வருதோ அவ்வளவுக்குப் பலம் கூடும். இன்னொரு ஏரியான ஈரியின் (Erie) நீளம் 388 கிலோமீற்றர், அது கிட்டத்தட்ட மேற்கிலிருந்து கிழக்காகச் சரிந்து கிடக்கு, கிழக்கு முனையில்தான் அமெரிக்காவின் பஃபலோ நகரம். தென்மேற்குக் காற்று முழு நீளத்துக்கும் அடித்தால் பஃபலோக்காரர் பாடு சொல்ல ஏலாது. 2022 நவம்பரில் பஃபலோவுக்குத் தெற்கே ஓர்ச்சாட் பார்க்கில் ஒரே புயலில் 6 அடிக்கு மேல் விழுந்தது.

ஏரி உறைந்தால் ஈரம் எழும்புறது குறையும். ஈரி ஏரி சராசரி 19 மீற்றர்தான் ஆழம், அதனால் தை, மாசியில் பெரும்பாலும் உறைந்துவிடும். ஒன்ராறியோ ஏரி சராசரி 86 மீற்றர், அது முழுக்க உறைவது அருமை. ஜோர்ஜியன் குடாவிலும் ஐஸ் பிடிக்கப் பிடிக்கக் குறையும். மகளுக்குக் கூடுதல் கவனம் வேண்டிய காலம் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரை என்று வைத்துக்கொள்ளுங்க. காரோட்டம் பற்றி எனக்குச் சொல்ல அனுபவம் இல்லை, திருக்கோவில் அண்ணன் வந்தால் சொல்லுவார்.

திருக்கோவில் ரக்காரன்:

அக்கா, நான் கனடாவில கனகாலம் ரக் ஓடினவன். ரொறன்ரோவிலிருந்து சார்னியா, மற்றது பஃபலோ பக்கம். இப்ப ஊரோட வந்திட்டன். உங்கட மகள் ஓடுற 400லயும் நிறையத் தரம் ஓடியிருக்கிறன்.

முதல் ஒண்டு விளங்க வேணும். எவ்வளவு ஸ்னோ விழுந்தது எண்டு எல்லாரும் பார்ப்பாங்க. ஓடுறவனைக் கொல்லுறது அந்த அளவு இல்லை, அந்தக் கயிறின்ட விளிம்பு. ஊர் முழுக்க ஒரே சீரா ஒரு அடி விழுந்தால் எல்லாரும் வீட்டில இருந்தே மெதுவா வருவாங்க. ஏரி ஸ்னோவில வானம் நீலமா இருக்கும், றோட்டு கறுப்பா காய்ஞ்சு கிடக்கும், எல்லாரும் 100, 110ல போவாங்க. முன்னுக்குத் தரையிலயிருந்து முகில் வரைக்கும் சாம்பல் வெள்ளையா ஒண்டு நிக்கும். பகலெண்டால் அதைக் காணலாம். மகள் போற நேரம் இருட்டு, காண ஏலாது. உள்ளுக்குப் போன உடனே பொனட் எங்க முடியுது எண்டு தெரியாது. வைப்பரில ஐஸ் பிடிச்சு, கண்ணாடியில ஒரு கோடு மட்டும் துடைபடும். றோட்டுக் கரையில தாரை வெட்டி வச்சிருப்பாங்க, அதில ரயர் ஏறினால் 'டர்ர்ர்' எண்டு ஸ்ரியறிங் அதிரும். அந்தச் சத்தத்தை வச்சுத்தான் றோட்டு முடியிற இடத்தைப் பிடிக்கிறது. 100ல வந்தவன் உள்ளுக்க பயத்தில பிரேக்கை அமத்துவான், பின்னால அதே 100ல வாறவனுக்கு அவன் நிக்கிறது தெரியாது. காரும் ரக்குமா வரிசையா அடிபடுறதெல்லாம் இப்படித்தான்.

லொறியின்ட லைற்றைப் பிடிச்சுப் போனது பற்றி. பயத்தில எல்லாரும் செய்யிறது அதுதான், ஆனா மகளிட்டச் சொல்லுங்க, அது வேண்டாம். அந்த லைற் தெரியிற அளவுக்குக் கிட்டப் போனால், அவன் நிப்பாட்டினால் நம்மளால நிப்பாட்ட ஏலாது. அவன் பள்ளத்துக்க இறங்கினால் நாமளும் பின்னால இறங்குவம். ரக்கில இருக்கிற எனக்கும் ஒண்டும் தெரியாது அக்கா. உயரத்தில இருக்கிறவனுக்குத் தெரியும் எண்டு கார்க்காரர் நினைக்கிறாங்க. கயிறுக்குள்ள அம்பிட்டால் பிரேக்கில குத்தாமல் கொஞ்சம் கொஞ்சமா வேகத்தைக் குறைச்சு, அடுத்த வெளிவாசலால இறங்கி, ஒரு பெற்றோல் ஷெட்டிலயோ கோப்பிக் கடையிலயோ நிக்கிறது. ஓடுற லேனில மட்டும் நிப்பாட்டக் கூடாது. வேகத்தைத் தானா ஒரே அளவில பிடிச்சு வைக்கிற குறூஸ் கொன்ற்றோலைத் தொடவே கூடாது.

இன்னொண்டு, இதை ஆரும் சொல்லிக் குடுக்கிறதில்லை. கனடாக் கார்களில பகலில முன்லைற் தானா எரியும். 2021க்கு முந்தின மொடல்கள் பலதில அந்த நேரம் பின்லைற் எரியாது. உள்ளுக்க டாஷ்போட்டும் வெளிச்சமா இருக்கிறதால லைற் போட்டிருக்கு எண்டு ஓடுறவர் நினைப்பார். பின்னால வாற நமக்கு, அடிபடுற தூரத்தில வந்தால்தான் அந்தக் கார் இருக்கிறதே தெரியும். மகளின்ட கார் பழசு எண்டால் சுவிச்சைக் கையால திருப்பி முழு லைற்றையும் போடச் சொல்லுங்க, லோ பீமில. ஹை பீம் போட்டால் ஸ்னோவில பட்டுக் கண்ணுக்கே திரும்பி அடிக்கும்.

சரி, எந்த நாள் போகக் கூடாது? போனில வாற ஊர் வானிலையைப் பார்க்க வேண்டாம். அது ஊருக்குச் சொல்லுது, இடையில இருக்கிற றோட்டுக்குச் சொல்லல்ல. கனடா அரசாங்கத்தின்ட வெதர்கான் (WeatherCAN) எண்டு ஒரு அப் இருக்கு. அதில பரி, மிட்லண்ட் ரெண்டையும் போட்டு வைக்கச் சொல்லுங்க. 'ஸ்னோ ஸ்குவோல்' எச்சரிக்கை எண்டு வந்தால் அதுதான் இந்தக் கயிறு. றேடார் படத்தைத் திறந்தால் நீட்டுக் கோடு மாதிரித் தெரியும், அது மகளின்ட றோட்டை வெட்டுதா எண்டு பார்க்கலாம். காற்று வடமேற்கு எண்டால் குடாவிலயிருந்து நேரா மிட்லண்ட், பரிப் பக்கம்தான். மேற்காத் திரும்பினால் கொஞ்சம் வடக்க, கிரேவன்ஹர்ஸ்ட் பக்கம் போகும். 2024 நவம்பர் கடைசியில அங்க ஒரு மீற்றருக்கு மேல கொட்டி 11ஆம் நெடுஞ்சாலையைப் பூட்டினவங்க. றோட்டு நிலைமைக்கு ஒன்ராறியோ 511, இணையத்திலயும் இருக்கு, போனில 511 அடிச்சும் கேட்கலாம். இவ்வளவும் படுக்கப் போக முதல் ஒருக்கா, எழும்பினதும் ஒருக்கா பார்க்க வேணும். காரில ஏறின பிறகு எடுக்கிற முடிவு சரிவராது, ஏனெண்டால் பரியில வானம் எப்பவும் "போ" எண்டுதான் சொல்லும்.

மருமகன் வழக்கம் எண்டது உண்மைதான். வழக்கமா நடக்கிறதாலதான் அங்க பொலிஸ் வந்து நெடுஞ்சாலையையே பூட்டுது. 2010 டிசம்பரில சார்னியா பக்கம் 402ல ஹூரோன் ஏரி ஸ்னோ இறங்கி 300க்கு மேற்பட்ட ஆக்கள் வாகனத்தோட அம்பிட்டாங்க. ஆமி ஹெலிகொப்டர் கொண்டு வந்துதான் ஆக்களை எடுத்தது. அந்த ராத்திரி நான் ஒன்ராறியோவில இருக்கிற லண்டன் எண்ட ஊரில ரக்கை நிப்பாட்டிப் போட்டு ரேடியோவில கேட்டுக்கொண்டு இருந்தன். காருக்குள்ள இருந்தவங்க தப்பினாங்க. அந்தப் புயலில காரை விட்டு இறங்கி நடந்த ஒருவர் செத்துப் போனார். 2022 நத்தார் நேரம் பஃபலோவில நாப்பதுக்கு மேல செத்தாங்க, காருக்குள்ளயும் றோட்டிலயும் கன பேர். பயர் இஞ்சின், அம்புலன்ஸே புதைஞ்சு நிண்டது, கூப்பிட்டும் ஆரும் போக ஏலாமல் போச்சு. உலகத்திலேயே ஸ்னோவுக்குப் பழகின ஊரில ஒண்டு அது.

அதால, அம்பிட்டால் காரை விட்டு இறங்கி நடக்கக் கூடாது. ஒரு வீட்டு வெளிச்சம் தெரிஞ்சாலும் கூடாது, அடுத்த நிமிசம் அது மறைஞ்சிடும், திரும்பக் காரையும் காண ஏலாது. அவசர இலக்கம் 911 அடிச்சு இடத்தைச் சொல்லிப்போட்டு உள்ளுக்க இருக்க வேணும். ஆனா இஞ்சினை விடாமல் ஓட விடவும் கூடாது. ஸ்னோ குவிஞ்சு சைலன்சர் குழாயை மூடினால் புகையில இருக்கிற காபன் மொனொக்சைட் வாயு உள்ளுக்க வரும், அதுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை, நித்திரை வாற மாதிரி இருக்கும், அவ்வளவுதான். முதல் இறங்கி அந்தக் குழாய் வாயைக் கையால தோண்டி விட வேணும். பிறகு மணித்தியாலத்துக்கு ஒரு பத்து நிமிசம் இஞ்சினைப் போட்டு சூடாக்கி நிப்பாட்டுறது. அந்த நேரம் காற்று அடிக்காத பக்கத்துக் கண்ணாடியை விரல் அளவு இறக்கி வைக்க வேணும். ரேங்கில எப்பவும் பாதிக்குக் குறையாமல் பெற்றோல் இருக்க வேணும் எண்டு சொல்றது இதுக்குத்தான்.

காரில நல்ல கம்பளி, இன்னொரு சோடி கையுறையும் சப்பாத்தும், மண்வாரி, ரோச், தண்ணி, சாப்பிட ஏதும், போன் சார்ஜர். கண்ணாடி கழுவுற தண்ணி மைனஸ் 40 எண்டு போட்டிருக்கிறதா வாங்க வேணும், மற்றது கண்ணாடியிலயே உறைஞ்சிடும்.

உங்களுக்கு ஒண்டு அக்கா. நாலே கால் மணிக்குப் போன் அடிக்காதீங்க. மணி அடிச்சால் அம்மா எண்டு அவவின்ட கை போகும். வெளிக்கிட முதல் ஒரு மெசேஜ், சேர்ந்து இறங்கினதும் ஒரு மெசேஜ், இடையில ஒண்டும் இல்லை எண்டு பேசி வையுங்க.

சம்மாந்துறை வாசகன்:

அக்கா, ஸ்னோ எனக்கும் தெரியாது. ஆனா திருக்கோவில் நானா சொன்ன விசயம் நமக்கும் உரியதுதான். 2024 நவம்பரில மாவடிப்பள்ளியில வெள்ளம் பாய்ஞ்ச றோட்டால உழவு மெசினில வந்த மதரசாப் புள்ளைகள இழுத்துட்டுப் போச்சு. எங்கட ஊர்ப் புள்ளைகள். அந்த மையத்துகள் வந்த நாள இந்த ஊரு மறக்கல்ல. நான் வேலைக்குப் போற வழியும் அதுதான். ஒவ்வொரு மாரிக்கும் றோட்டுக்கு மேலால தண்ணி பாயும், ஒருத்தர் போயிட்டார் எண்டு அடுத்தவர் இறங்குவார். உம்மா இப்ப மழை கூடினாலே "இண்டைக்குப் போகாத மகன், சம்பளத்த அல்லாஹ் பாத்துப்பான்" எண்டு வாசலில வந்து நிப்பா. அப்படி ஒரு சொல்லு வீட்டில இருந்து வந்தா, போகாம நிக்கிறதுக்கு மனசுக்கு லேசாகும். உங்கட மகளுக்கும் நீங்க அந்தச் சொல்லச் சொல்லுங்க. வேலைய விட்டுட்டாளே எண்டு நீங்க நினைக்க மாட்டீங்க எண்டு அவவுக்குத் தெரியணும்.

களுவாஞ்சிக்குடி ரீச்சர்:

எல்லாருக்கும் மனம் நிறைந்த நன்றி. தம்பி சம்மாந்துறை, நீங்க எழுதினதை வாசித்துக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்திட்டேன். அந்தப் பிள்ளைகளை நினைத்து நாங்களும் இங்கே அழுதனாங்க.

எல்லாத்தையும் மகளுக்கு வாசித்துக் காட்டினேன். கார் 2014 மொடலாம். மருமகனைப் பின்னால் நிற்க வைத்து லைற் போட்டுப் பார்த்திருக்கிறா, அண்ணன் சொன்ன மாதிரியே பின்லைற் எரியவில்லை. அவருக்கே அது தெரியாதாம். மெசேஜ் விசயமும் பேசி முடித்திட்டோம். மிட்லண்டில் கூட வேலை செய்கிற பிலிப்பினோப் பிள்ளை ஒருத்தி, எச்சரிக்கை வந்தால் முதல் நாளே வந்து தன்னோடு தங்கச் சொல்லியிருக்கிறாளாம். கடவுள் அந்தப் பிள்ளையை நல்லா வைத்திருக்க வேணும்.

இரண்டு விசயம் இருக்கு. புதிதாகச் சேர்ந்தவ, லீவு கேட்டால் வேலை போயிடுமோ என்று மகள் யோசிக்கிறா. மற்றது, ரயர் நாலும் மாற்றக் காசு கூட என்று முன்னுக்கு இரண்டை மட்டும் மாற்றலாமா, பாவித்தது வாங்கலாமா என்று மருமகன் கேட்கிறார்.

திருக்கோவில் ரக்காரன்:

அக்கா, தங்கிறதுக்கு வீடு கிடைச்சதுதான் இதில பெரிய விசயம். அதை விட நல்ல வழி எனக்குத் தெரியல்ல.

லீவு பற்றி: விடிய ஆறு மணிக்குப் போன் எடுத்து வர ஏலாது எண்டால் ஆருக்கும் கோவம் வரும், அங்க கட்டிலில கிடக்கிற கிழடுகளைப் பார்க்க வேற ஆள் இல்லை. முதல் நாள் பின்னேரம் எச்சரிக்கை வந்த உடனேயே பொறுப்பானவரிட்டச் சொல்லி, மிட்லண்டுக்குள்ளயே இருக்கிற ஆரோடயாவது முறையை மாத்திக் கேட்க வேணும். மகள் பிறகு ஸ்னோ இல்லாத நாளில அவங்கட முறையைச் செய்து குடுக்கலாம். றோட்டைப் பொலிஸ் பூட்டினால் 511ல போடுவாங்க, அந்தப் பக்கத்தை அப்படியே படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்க. அந்தப் பக்கத்தில வேலை குடுக்கிறவங்களுக்கும் இந்த ஸ்னோ நல்லாத் தெரியும்.

ரயரில காசு பார்க்க வேண்டாம் எண்டு மருமகனிட்ட நான் சொன்னதாச் சொல்லுங்க. முன்னுக்கு ரெண்டை மட்டும் மாத்தினால் முன்பக்கம் றோட்டைப் பிடிக்கும், பின்பக்கம் பிடிக்காது, வளைவில பிரேக் பிடிக்கக் காரின்ட பின்பக்கம் சுத்திக்கொண்டு முன்னுக்கு வரும். நாலும் ஒரே மாதிரி இருக்க வேணும். ஓல் சீசன் எண்டு எழுதியிருக்கிற ரயர் 7 பாகைக்குக் கீழ போனால் இறுகத் தொடங்கும், மைனஸ் 15ல அது கட்டை. குளிர்கால ரயரின்ட பக்கத்தில மூண்டு முனை மலையும் அதுக்குள்ள ஒரு ஸ்னோப் பூவும் போட்டிருக்கும், அந்தக் குறி இருந்தால்தான் வாங்கலாம். கியூபெக்கில டிசம்பர் 1லயிருந்து மார்ச் 15 வரை அதைப் போடாமல் ஓடவே ஏலாது, சட்டம். ஒன்ராறியோவில கட்டாயம் இல்லை, ஆனா போட்டிருக்கு எண்டு காட்டினால் இன்சூரன்சில கொஞ்சம் குறைப்பாங்க, கேட்டுப் பார்க்கச் சொல்லுங்க.

பாவிச்சது வாங்கலாம், பிழையில்லை. ரயரின்ட பக்கத்தில டொட் (DOT) எண்டு எழுத்துப் போட்டு, கடைசியில நாலு இலக்கம் இருக்கும். முதல் ரெண்டும் செய்த கிழமை, மற்ற ரெண்டும் வருசம். 3621 எண்டு இருந்தால் 2021ஆம் ஆண்டு 36ஆவது கிழமை செய்தது. ஐஞ்சாறு வருசம் கடந்ததெண்டால் தவாளிப்பு எவ்வளவு ஆழமா இருந்தாலும் எடுக்க வேண்டாம், றப்பர் இறுகிப் போயிருக்கும். நாலு ரயரிலயும் அந்த இலக்கத்தைப் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்க அக்கா. இங்க போட்டால் காசு குடுக்க முதல் நான் பார்த்துச் சொல்லுறன்.